தடுப்பூசித் தயக்கம்: தொழில்வாரிக் கணக்கை எப்படி வாசிப்பது?

கோவிட்-19 தடுப்பூசி பரவலாகப் போடப்பட்ட 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து மூன்று செய்திகள் உலகம் முழுவதும் பரவின. கட்டுமானத் தொழிலாளர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஊசி வேண்டாம் என்கிறார்கள் என்றது ஒன்று. முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்யும் உதவியாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொள்ளவில்லை என்றது இன்னொன்று. முனைவர் பட்டம் பெற்றவர்களே அதிகம் தயங்குகிறார்கள் என்றது மூன்றாவது.

மூன்றும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. ஆனால் முதலாவது, மக்கள் வாயால் சொன்ன எண்ணம். இரண்டாவது, போட்ட ஊசிகளை எண்ணிய கணக்கு. மூன்றாவதில் பெரும்பங்கு, கணக்கெடுப்பு முறையில் நேர்ந்த கோளாறு. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் “இந்தத் தொழில்காரர்கள் இப்படித்தான்” என்று முத்திரை குத்துவது தவறு. நோய்த் தடுப்புக்கும் அது கெடுதல் செய்கிறது.

தயக்கம் என்று எதைச் சொல்கிறோம்?

தடுப்பூசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதை ஏற்கத் தாமதிப்பதையோ மறுப்பதையோ தடுப்பூசித் தயக்கம் என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு வகுத்த வரையறையின் சாரம் இது. அதில் “கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும்” என்ற நிபந்தனைதான் முக்கியம். ஊசியே கிடைக்காத ஊரில் யாரும் போட்டுக்கொள்ளவில்லை என்றால் அது தயக்கம் ஆகாது. 2019இல் உலக சுகாதாரத்துக்கான பத்து அச்சுறுத்தல்களைப் பட்டியலிட்டபோது, அந்த நிறுவனம் தயக்கத்தையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்தது.

கணக்கெடுப்புகள் அளப்பது மூன்றில் ஏதோ ஒன்றை:

1. மனநிலை. “தடுப்பூசி பாதுகாப்பானது என்று நம்புகிறீர்களா?”
2. எண்ணம். “உங்களுக்கு இன்று ஊசி கிடைத்தால் போட்டுக்கொள்வீர்களா?”
3. செயல். போட்டுக்கொண்டவர்களின் எண்ணிக்கை.

மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமில்லை. நம்பிக்கை நிறைய இருந்தும் நேரமில்லாமல் தவறவிட்டவர்கள் உண்டு. நம்பிக்கை இல்லாவிட்டாலும் வேலைக்காகப் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. எண்ணமோ வேகமாக மாறக்கூடியது. அமெரிக்காவின் கைசர் குடும்ப அறக்கட்டளை 2020 டிசம்பரில் கேட்டபோது 39 சதவீதத்தினர் “கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன்” என்றார்கள். 2021 மே மாதத்தில் அது 12 சதவீதமாகிவிட்டது. ஐந்து மாத இடைவெளியில் இத்தனை பேரின் அறிவோ குணமோ மாறிவிடவில்லை. தெரிந்தவர்கள் போட்டுக்கொண்டு நலமாக இருப்பதைக் கண்ணால் பார்த்தார்கள். ஆகவே தயக்கத்தை ஒரு நிலையான அடையாளமாக எண்ணக் கூடாது. அது ஒரு காலகட்டத்தின் நிலைமை.

தடுப்பூசியே ஒரு தொழிலிலிருந்து வந்ததுதான்

தடுப்பூசி படித்தவர்களின் கண்டுபிடிப்பு, உழைக்கும் மக்கள் அதை எதிர்ப்பவர்கள் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. வரலாறு வேறு விதமாகப் போகிறது.

மாட்டம்மை வந்துபோன பால் கறக்கும் பெண்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்பது இங்கிலாந்துக் கிராமங்களில் தெரிந்திருந்த செய்தி. பெஞ்சமின் ஜெஸ்டி என்ற விவசாயி அதை நம்பி, 1774இல் தன் மனைவிக்கும் இரண்டு மகன்களுக்கும் மாட்டம்மையை ஏற்றினார். எட்வர்ட் ஜென்னர் என்ற மருத்துவர், சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கையிலிருந்த கொப்புளத்திலிருந்து எடுத்து, ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனுக்கு ஏற்றியது 1796 மே 14 அன்று. உழைப்பாளிகள் தங்கள் வேலையில் கவனித்துச் சொன்ன உண்மையை மருத்துவம் சோதித்து உறுதி செய்தது, அவ்வளவே.

பிறகு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? 1853இல் இங்கிலாந்து, குழந்தைகளுக்கு அம்மைத் தடுப்பைக் கட்டாயமாக்கியது. அதை நடத்தும் பொறுப்பு, ஏழைகளுக்கு உதவி வழங்கும் அமைப்பிடம் தரப்பட்டது. அந்த அமைப்பின் வாசலுக்குப் போவதையே மானக்கேடாகக் கருதிய காலம் அது. ஊசி போடாத பெற்றோருக்கு அபராதம். பணம் படைத்தவர் அபராதத்தைக் கட்டிவிட்டு நடந்தார். கூலிக்காரருக்கு வீட்டுச் சாமான் ஏலத்துக்குப் போயிற்று. 1885இல் லெஸ்டர் நகரில் மாபெரும் எதிர்ப்புப் பேரணி நடந்தது. 1898இல் மனச்சாட்சியின் பேரில் விலக்குக் கேட்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டபோதும், நீதிபதிகளின் முன் நின்று வாதாடி அதைப் பெறுவது தொழிலாளிக்கு எளிதாக இருக்கவில்லை.

ஊசிக்குள் இருந்த மருந்தைவிட, அதை யார் கொண்டுவந்தார்கள், எந்தத் தொனியில் கொண்டுவந்தார்கள் என்பதே அந்த எதிர்ப்பின் பெரும்பகுதியைத் தீர்மானித்தது. இன்றைய எண்களுக்கும் இது பொருந்தும்.

எண்கள் காட்டுவது

கார்னகி மெல்லன், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஃபேஸ்புக் வழியாக நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பை எடுத்து, 2021 ஜனவரி முதல் மே வரை, 18 முதல் 64 வயது வரையுள்ள அமெரிக்கர்களின் பதில்களைத் தொழில்வாரியாகப் பிரித்தார்கள். ஆசிரியர்கள், அறிவியல் துறையினர் போன்றோரில் தயங்கியவர்கள் சுமார் பத்தில் ஒருவர். கட்டுமானம், சுரங்கம் சார்ந்த வேலைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர். பழுதுபார்க்கும் வேலைகளிலும் விகிதம் உயர்வாகவே இருந்தது.

ஒரே கூரையின் கீழ் வேலை செய்பவர்களிடையே தெரியும் வேறுபாடு இதைவிடக் கவனிக்கத்தக்கது. 2021 மார்ச்சில் அமெரிக்காவின் 300 நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் ஊசி போட்டுக்கொண்டவர்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டது. மருத்துவர்கள் முதலானோர் 75.1 சதவீதம், செவிலியர்கள் 56.7 சதவீதம், உதவியாளர்கள் 45.6 சதவீதம். மூவரும் அதே நோயாளிகளைத் தொடுகிறார்கள், அதே காற்றைச் சுவாசிக்கிறார்கள். உதவியாளர் நோயாளியோடு கழிக்கும் நேரம் மருத்துவரைவிட அதிகம். ஆபத்து கூடுதலாக இருக்கும் இடத்தில் ஊசி குறைவாக இருக்கிறது.

“சுகாதாரப் பணியாளர்கள்” என்று ஒரே சொல்லில் எல்லோரையும் அடைப்பது எவ்வளவு பெரிய மறைப்பு என்பதை இந்த மூன்று எண்கள் சொல்லிவிடுகின்றன. செய்தியில் “மருத்துவத் துறையினரே தயங்குகிறார்கள்” என்று வரும்போது, யார் என்று கேட்க வேண்டும். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க மருத்துவச் சங்கம் நடத்திய கணக்கெடுப்பில், பணியிலிருந்த மருத்துவர்களில் 96 சதவீதத்தினர் முழுமையாகத் தடுப்பூசி போட்டிருந்தார்கள்.

தொழில் எந்த வழியாக மனத்தைத் தொடுகிறது?

உளவியலாளர் கார்னீலியா பெட்ஷும் அவர் குழுவினரும் 2018இல் தடுப்பூசி முடிவுகளை ஐந்து காரணிகளாகப் பிரித்தார்கள். தொழிலோடு பொருத்திப் பார்க்க அது நல்ல சட்டகம். ஐந்தும் ஒரே எடை கொண்டவை அல்ல; என் கணிப்பில் முதல் இரண்டுதான் தொழில்வாரி வேறுபாட்டின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன.

1. நடைமுறைத் தடைகள். ஊசி போட்ட மறுநாள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். மாதச் சம்பளக்காரர் விடுப்பு எடுத்துப் படுத்துக்கொள்வார். நாள் கூலிக்காரருக்கு அது ஒரு நாள் வருமானம். இரண்டு தவணை என்றால் இரண்டு நாள். இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்குப் பகலில் மட்டும் திறந்திருக்கும் முகாம் இருந்தும் இல்லாததுதான். இரண்டு இடங்களில் வேலை பார்க்கும் பராமரிப்பு உதவியாளருக்கு, ஊசி போடும் நாளில் எந்த இடத்தில் ஷிப்ட் விழும் என்பதே தெரியாது. ஒப்பந்ததாரர் வழியாக வருபவரின் பெயர் நிறுவனத்தின் பட்டியலில் இருக்காமலே போகலாம். இத்தனையையும் தாண்டாதவர் கணக்கெடுப்பில் “தயங்குபவர்” என்று பதிவாகிறார்.

ஆஸ்திரேலியாவின் கியூ காய்ச்சல் இதற்கு நல்ல சான்று. குவீன்ஸ்லாந்து இறைச்சிக்கூடத் தொழிலாளர்களிடம் 1930களில் முதலில் அடையாளம் காணப்பட்ட, கால்நடைகளிடமிருந்து தொற்றும் நோய் அது. 1989 முதல் அதற்கு அங்கே தடுப்பூசி உண்டு. ஆனால் முன்பே அந்தக் கிருமிக்கு ஆளானவர்களுக்கு அந்த ஊசி கடும் எதிர்வினை தரலாம் என்பதால், முதலில் தோல் சோதனையும் இரத்தச் சோதனையும் செய்து, தோல் சோதனையின் முடிவுக்கு ஒரு வாரம் காத்திருந்து, பிறகே போட வேண்டும். நிலையான வேலையில் இருப்பவருக்கு அது இரண்டு முறை போய்வருவது. பருவத்துக்கு ஏற்ப ஊர் ஊராக வேலை தேடிப் போகிறவர் அடுத்த வாரம் வேறு ஊரில் இருப்பார்.

2. நம்பிக்கை. ஊசியின் மீது மட்டுமில்லாமல், அதைக் கொடுப்பவர் மீதும் அதைத் தீர்மானித்தவர் மீதும் உள்ள நம்பிக்கை இது. இங்கே தொழிலாளியின் முந்தைய அனுபவம் பேசுகிறது. பாதுகாப்புக் கவசம் கேட்டபோது கைவிரித்த மேலாளர், இன்று “உங்கள் பாதுகாப்புக்காக” ஊசி போடச் சொன்னால் தொழிலாளி சந்தேகப்படுவதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. அவர் தன் அனுபவத்திலிருந்துதான் முடிவெடுக்கிறார். அந்த முடிவு தவறான பொருள் மீது போய் விழுகிறது என்பதே துயரம்.

கேள்வி கேட்க ஆள் இருக்கிறாரா என்பதும் நம்பிக்கையின் பகுதி. மருத்துவர் சந்தேகம் வந்தால் சக மருத்துவரைக் கேட்பார். ஆசிரியர் ஓய்வறையில் பேசுவார். சாரத்தில் நிற்பவருக்கோ, தனியாக லாரி ஓட்டுபவருக்கோ பதில் சொல்லக் கிடைப்பது பெரும்பாலும் கைபேசித் திரைதான்.

3. மெத்தனம். நோய் தனக்கு வராது, வந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்யாது என்ற எண்ணம். திறந்த வெளியில் வேலை செய்யும் இளம் வயதினரிடம் இது கூடுதலாக இருப்பது இயல்பு. நாள்தோறும் உயரத்திலும் இயந்திரங்களுக்கு நடுவிலும் உயிரைப் பணயம் வைப்பவருக்கு, கண்ணுக்குத் தெரியாத கிருமி சிறியதாகத் தோன்றுகிறது.

4. கணக்கிடல். பலனையும் பக்கவிளைவையும் எடைபோட்டுப் பார்ப்பது. செவிலியர்களிடம் ஃப்ளூ காய்ச்சலுக்கான (இன்ஃபுளுயன்சா) ஊசி பற்றிய தயக்கம் பெரும்பாலும் இந்த வகை. ஃப்ளூ தடுப்பூசி, அந்தப் பருவத்தில் பரவும் வைரஸுக்குப் பொருத்தமாக அமையும் ஆண்டுகளில்கூட, மருத்துவரை நாட வைக்கும் ஃப்ளூ காய்ச்சலை 40 முதல் 60 சதவீதம் வரைதான் குறைக்கிறது. ஊசி போட்ட சக பணியாளர் படுத்த படுக்கையாவதை அவர்கள் நேரில் பார்க்கிறார்கள். செயலிழக்கச் செய்த வைரஸ் கொண்ட ஊசியால் ஃப்ளூ நோய் வர முடியாது என்று பாடத்தில் படித்திருந்தாலும், பார்த்தது மனத்தில் தங்கிவிடுகிறது. “பலன் நிச்சயம்” என்று மிகைப்படுத்திச் சொல்வதைவிட, “பாதியளவு பாதுகாப்பு, ஆனால் கடும் நோயிலிருந்து கூடுதல் காப்பு” என்று உள்ளபடி சொல்வது இவர்களிடம் எடுபடும்.

5. கூட்டுப் பொறுப்பு. என்னால் பிறருக்குத் தொற்றக் கூடாது என்ற உணர்வு. குழந்தைகளோடும் முதியவர்களோடும் பழகும் தொழில்களில் இது எளிதாகப் பிடிபடும்.

எண் நம்மை ஏமாற்றும் மூன்று இடங்கள்

முதலாவது, தொழிலுக்குள் ஒளிந்திருக்கும் வயது. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். சாலை போடுபவர்கள் 1,000 பேர், கணக்கு அலுவலகத்தினர் 1,000 பேர். இரண்டு தொழிலிலும் 40 வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் 30 சதவீதம் தயங்குகிறார்கள்; மேற்பட்டவர்களில் 10 சதவீதம். அதாவது தொழிலால் எந்த வேறுபாடும் இல்லை. சாலைப் பணியில் 800 பேர் இளையவர்கள் என்றால் தயங்குபவர்கள் 240, மூத்தவர்களில் 20, ஆக 26 சதவீதம். அலுவலகத்தில் 300 பேர்தான் இளையவர்கள் என்றால் 90, மூத்தவர்களில் 70, ஆக 16 சதவீதம். தொழில் ஒன்றுமே செய்யாத இடத்தில் பத்துப் புள்ளி இடைவெளி முளைத்துவிட்டது. உண்மையான கணக்குகளில் வயதோடு கல்வி, வருமானம், வசிக்கும் பகுதி, அரசியல் சார்பு எல்லாம் சேர்ந்தே வரும். இவற்றைச் சரிசெய்த பிறகும் மிஞ்சும் வேறுபாடே தொழிலுக்கு உரியது.

இரண்டாவது, சிறிய குழுக்களில் விழும் பொய்ப் பதில். முனைவர் பட்டச் செய்தியின் கதை இதுதான். மேற்சொன்ன ஃபேஸ்புக் கணக்கெடுப்பு பற்றி, ஆய்விதழில் வெளிவருவதற்கு முன் பகிரப்பட்ட ஒரு முன்வரைவில் முனைவர்களின் தயக்கம் மிக உயர்ந்து தெரிந்தது. வேண்டுமென்றே ஏறுக்குமாறாகப் பதில் எழுதியவர்கள் சிலர் இருந்ததை ஆய்வாளர்களே பிறகு கவனித்தார்கள். அப்படிப்பட்டவர்கள் பட்டியலின் கடைசித் தேர்வுகளைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். கல்விப் பட்டியலின் கடைசித் தேர்வு முனைவர் பட்டம்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1,00,000 பேர் பதிலளிக்கிறார்கள். அதில் உண்மையான முனைவர்கள் 1,000 பேர், தயங்குபவர்கள் 100. இவர்களோடு 300 பொய்யர்கள் வந்து சேர்ந்தால் 1,300 பேரில் 400 பேர் தயங்குவதாகத் தெரியும். 10 சதவீதம் 31 சதவீதமாக ஏறிவிடும். அதே 300 பேர் 30,000 பேர் கொண்ட பெரிய பிரிவில் விழுந்திருந்தால் 10 சதவீதம் 11ஐக்கூட எட்டாது. மொத்தத்தில் 0.3 சதவீதத்தினர் ஒரு சிறு குழுவின் பெயரையே கெடுத்துவிட முடியும்.

மூன்றாவது, பெரிய எண்ணிக்கை மீதான மயக்கம். அதே ஃபேஸ்புக் கணக்கெடுப்பு வாரத்துக்குச் சுமார் 2,50,000 பதில்களைப் பெற்றது. ஆனால் 2021 மே மாதத்தில், ஊசி போட்டுக்கொண்டவர்களின் விகிதத்தை அது 17 புள்ளிகள் கூடுதலாகக் காட்டியது என்று நேச்சர் ஆய்விதழில் வந்த கட்டுரை நிறுவியது. சுமார் 1,000 பேரை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுத்துக் கேட்ட இன்னொரு கணக்கெடுப்பு, உண்மைக்கு மிக அருகில் இருந்தது. பானையைப் பதம் பார்க்க ஒரு பருக்கை போதும். ஆனால் கிண்டிவிட்டு எடுக்க வேண்டும். ஆகவே அதே ஆய்வின் தொழில்வாரி எண்களில், எந்தத் தொழிலில் தயக்கம் கூட, எதில் குறைவு என்ற வரிசையை ஓரளவு ஏற்கலாம். பாதி, பத்தில் ஒன்று என்ற அளவுகளை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது.

கட்டாயம் என்ன செய்தது?

அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள வர்ஜீனியா மேசன் மருத்துவமனை 2005இல் தன் பணியாளர்களுக்கு ஃப்ளூ ஊசியைக் கட்டாயமாக்கியது. 54 சதவீதமாக இருந்த ஊசி போட்டோர் விகிதம், முதல் ஆண்டிலேயே 97க்கு மேல் போயிற்று. 2021இல் ஹூஸ்டன் மெதடிஸ்ட் மருத்துவமனைக் குழுமம் கோவிட் ஊசியைக் கட்டாயமாக்கியபோது, சுமார் 26,000 பணியாளர்களில் வேலையை விட்டவர்களும் நீக்கப்பட்டவர்களும் சேர்ந்து 153 பேர். தயக்கம் என்று சொன்னவர்களில் மிகப் பெரும்பாலோர் கடைசியில் உறுதியான மறுப்பாளர்கள் அல்லர் என்று இதிலிருந்து தெரிகிறது.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி முடியவில்லை. இங்கிலாந்தில் பராமரிப்பு இல்லப் பணியாளர்களுக்கு 2021 நவம்பர் 11 முதல் கட்டாயம் வந்தது. 2022 மார்ச் 15 அன்று விலக்கிக்கொள்ளப்பட்டது. குறைந்த கூலி, ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை. வேறு வேலை எளிதாகக் கிடைக்கும் தொழிலில், வெளியேறுவதற்கு அதிகத் துணிவு தேவைப்படாது.

சட்டத்தின் பார்வையும் தொழிலைப் பொறுத்தே பிரிந்தது. 2022 ஜனவரி 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள் தந்தது. அரசின் மருத்துவ நிதி பெறும் நிறுவனங்களின் பணியாளர்களுக்கான கட்டாயத்தை அனுமதித்தது. 100 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் ஊசி அல்லது பரிசோதனை என்ற விதியைத் தடுத்தது. கோவிட் எல்லா இடத்திலும் இருக்கும் பொது ஆபத்து, பெரும்பாலான வேலைகளுக்கு அது அந்த வேலைக்கே உரிய ஆபத்து அல்ல என்பதே காரணம். தடுப்பூசி பற்றிய தொழில்வாரி விவாதம் முழுவதும் இந்தக் கோட்டின் மேல்தான் நிற்கிறது: நோயாளிக்கு நான் நோயைக் கொடுத்துவிடலாம் என்ற தொழில் வேறு, கடைத்தெருவில் இருக்கும் அதே ஆபத்து என் பட்டறையிலும் இருக்கிறது என்ற தொழில் வேறு.

கட்டாயப்படுத்தாமல் ஒரு விதி

ஹெபடைடிஸ் பி இரத்தத்தின் வழியே தொற்றும் கல்லீரல் நோய். ஊசிக் குத்துக்காயம் படும் மருத்துவப் பணியாளர்களுக்கு அது நேரடித் தொழில் ஆபத்து. 1991இல் அமெரிக்கா இதற்கு ஒரு பணியிட விதி வகுத்தது. சலவை செய்பவர், துப்புரவு செய்பவர் உட்பட, இரத்தத்தோடு தொடர்பு ஏற்படக்கூடிய யாருக்கும் அது பொருந்தும்.

1. ஊசிக்குரிய செலவு முழுவதும் முதலாளியுடையது.
2. முதலில் பயிற்சி, அதில் ஊசியைப் பற்றி விளக்க வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும்.
3. அந்த வேலையில் சேர்த்த பத்து வேலை நாட்களுக்குள், பணியாளருக்கு ஏற்ற நேரத்திலும் இடத்திலும் ஊசி தர வேண்டும்.
4. வேண்டாம் என்பவர் அதற்குரிய படிவத்தில் கையெழுத்திட்டு மறுக்கலாம்.

அந்த மறுப்புப் படிவத்தின் வாசகமும் விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மறுப்பதால் நோய் வரும் ஆபத்து தொடர்கிறது என்பதைப் புரிந்துகொண்டேன் என்று அது சொல்கிறது. பிற்பாடு மனம் மாறி ஊசி வேண்டும் என்றால், அப்போதும் எனக்கு அது இலவசமாகக் கிடைக்கும் என்பது அதன் கடைசி வரி.